பிரிக்காத இன்ஜின்

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

எலிக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. வக்கீல் ஒருவரிடம் பழசாக வாங்கி வந்த டீசல் அம்பாசடரின் பானெட்டை இன்று திறந்தால், ஒயர் எல்லாம் நூல் நூலாகத் தொங்குகிறது. டாஷ்போர்டு வரை போய்க் கொறித்திருக்கிறது. திண்டிவனத்தில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் நான்; என் வண்டியில் ஹாரன்கூட அடிக்கவில்லை.

முழுசாக உருவிவிட்டுப் புதுசாக இழுத்துவிடுகிறேன். கரண்ட் போகிற வழி தெரிந்தவனுக்கு வீடு என்ன, கார் என்ன. தங்கை தமிழ்மொழிக்கு வளைகாப்பு வருகிறது. தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வருகிறவள் வாடகைக் காரிலா வருவாள்?

27 ஆகஸ்ட்

பழைய ஒயரை எல்லாம் எடுத்தாச்சு. ஒன்று மட்டும் எலி வேலை இல்லை. இன்ஜினுக்குள் ஆயில் சரியாக ஏறாவிட்டால் எரிந்து காட்டுகிற சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அதன் ஒயரை யாரோ வெட்டி, முனையில் டேப் சுற்றி உள்ளே செருகி வைத்திருக்கிறார்கள். எந்த மடையன் செய்த வேலையோ. புது ஒயர், புது பல்பு போட்டுவிட்டேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் பிரமாதம். ஹாரன் சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. அம்மா சூடம் ஏற்றினாள்.

அந்தச் சிவப்பு விளக்குதான். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைகிறது. சூடேறின பிறகு மறுபடியும் எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் போகிறது, காலை எடுத்தால் வருகிறது. எர்த் சரியில்லை. வேறென்ன இருக்கும்?

2 செப்டம்பர்

எர்த்தை மாற்றினேன். இன்ஜினில் இருக்கும் ஆயில் சுவிட்சையும் மாற்றினேன். எரிகிறது.

3 செப்டம்பர்

மரக்காணம் ரோட்டிலிருந்து மெக்கானிக் சுப்பராயலு அண்ணனை அழைத்து வந்தேன். நீள ஸ்குரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார்.

"ஒயர்ல ஒண்ணும் இல்லப்பா. சூடானா ஆயில் பிரஷர் எறங்குது. பேரிங் தேஞ்சிருக்கலாம், பம்ப்பாவும் இருக்கலாம். இன்ஜினப் பிரிச்சாத்தான் தெரியும். ஒயர உருவிப் போட்டியே, அப்பவே கூப்ட்டிருந்தா ஒரே வேலையா முடிஞ்சிருக்கும்."

"இப்ப பிரிச்சா எத்தினி நாளாவும்?"

"ஸ்பேர் மெட்ராஸ்லேர்ந்து வரணும். மாசக்கணக்குல நிக்கும். பிரிக்காம இப்படியே ஓடுனாலும் ஓடும். ஓடற இன்ஜின்ல கை வெக்காதன்னும் சொல்றாங்க. நீதான் சொல்லணும்."

நான்தான் சொல்லவேண்டுமாம்.

5 செப்டம்பர்

அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டாள்.

"வாயும் வயிறுமா ஒரு பொண்ணு வர்ற வூடு. இந்த நேரத்துல எதையும் பிரிச்சிப் போடக்கூடாதுன்னு தெரியாதா? ஒழுவற கொட்டாயக்கூட நான் பிரிக்காம வெச்சிக்கினு இருக்கறேன்."

"ஒயரப் பிரிச்சனே, அப்ப சும்மாதான இருந்த?"

"அது எலி பிரிச்சது."

வக்கீலே வந்தாலும் அம்மாவிடம் தோற்றுத்தான் போவார். சிரித்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அம்மா தடுத்ததில் எனக்கு நிம்மதி. பிரித்தால் வளைகாப்புக்கு வண்டி இருக்காது. சாங்கியத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா? இல்லை. பிறகு ஏன் உடனே தலையை ஆட்டினேன்?

8 செப்டம்பர்

சுப்பராயலு அண்ணன் கெட்டி ஆயில் ஊற்றிக் கொடுத்தார். விளக்கு எரியவில்லை. "இது வைத்தியம் இல்ல, தைலம் தடவற மாதிரிதான். பிரசவம் முடிஞ்சதும் கொண்டாந்து உடு" என்றார்.

சரி. பிரசவம் முடிந்ததும்.

12 செப்டம்பர், வெள்ளி

வளைகாப்பு நன்றாக நடந்தது. கண்டாச்சிபுரத்தில் மாப்பிள்ளை இனியவன் வீட்டில் காரைப் பார்த்துவிட்டு ஒருத்தர் "மந்திரி கணக்கா வந்துட்டாரு மச்சான்" என்றார். உச்சி குளிர்ந்துபோனது.

திரும்பும்போது தமிழ் முன் சீட்டில் உட்கார்ந்தாள். கை நிறைய வளையல். விழுப்புரத்தில் வண்டி ஊர்ந்தபோது அந்த விளக்கு எரிந்தது.

"அண்ணா, இன்னா இது செகப்பா?"

"ஒயர் லூசும்மா. வூட்டுக்குப் போனதும் பாத்துக்கறேன்."

ஓமந்தூரில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கை வயிற்றின் மேலேயே இருந்தது.

13 செப்டம்பர்

பல்பைக் கழற்றி டாஷ்போர்டு டப்பாவில் போட்டுவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி பயப்படக்கூடாது.

6 அக்டோபர்

திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போனோம். தமிழுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறதாம். தலைவலியோ வீக்கமோ அதிகமானால் ஒரு நிமிஷம் யோசிக்காமல் வரச்சொன்னார் நர்சம்மா. "கார் வாசல்லியே நிக்குதும்மா" என்றேன்.

வரும்போது இன்ஜினுக்கு அடியில் டொக் டொக்கென்று ஒரு சத்தம். பாட்டுப் போட்டால் கேட்கவில்லை. பல்பை மாட்டிப் பார்க்கலாமா? எரிந்தால் என்ன செய்யப்போகிறேன்? இந்த நேரத்தில் பிரிக்கவா முடியும்?

15 அக்டோபர்

டீக்கடையில் சுப்பராயலு அண்ணன் கேட்டார், "லைட்டு எரியுதா?"

"இல்லண்ணா."

பொய் சொல்லவில்லையே. பல்பே இல்லை, எப்படி எரியும்?

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

23 அக்டோபர்

எழுத வரலை.

27 அக்டோபர்

எழுதிடறேன். யார்கிட்டயும் சொல்ல முடியலை.

புதன்கிழமை மத்தியானம் நல்ல மழை. தமிழுக்குத் தலைவலின்னா அப்படி ஒரு தலைவலி. முகமெல்லாம் வீங்கிடுச்சு. திண்டிவனத்துல பார்த்துட்டு, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும்னாங்க. "ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு, வந்துக்கினே இருக்குது, கொஞ்சம் இருங்க"ன்னு நர்சம்மா சொன்னாங்க. நான் இருந்தேனா? எங்கிட்ட கார் இருக்குதுன்னேன். பெருமையா சொன்னேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டினதும் சத்தம் பெருசாச்சு. நிறுத்தியிருக்கணும். இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு மிதிச்சேன். விக்கிரவாண்டி வர்றதுக்குள்ள அடியில ஏதோ உடைஞ்ச மாதிரி ஒரு இடி, அதோட இன்ஜின் இறுகிப்போச்சு. நான் இழுத்த ஒயர் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஹெட்லைட் எரிஞ்சுது. வைப்பர் அது பாட்டுக்கு ஆடிக்கினு இருந்தது. மழையில நின்னு கை காட்டினேன், ஒருத்தனும் நிறுத்தலை. பின் சீட்டுல அம்மா மடியில தலை வெச்சிருந்தவளுக்கு வலிப்பு வந்துடுச்சு. அப்புறம் ஆம்புலன்ஸுக்கு நானே போன் பண்ணேன். அது வர்ற வரைக்கும் அம்மா கத்தினது இன்னும் காதுல இருக்குது.

தமிழ் பிழைச்சிட்டா. குழந்தை இல்லை. பொண்ணு. தலை நிறைய முடி.

டாக்டரம்மா "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" ன்னு ஆரம்பிச்சு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கினாங்க.

9 நவம்பர், ஞாயிறு

மாப்பிள்ளை வந்து தமிழை அழைத்துப் போனார். பஸ்ஸில்தான் போனார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பஸ் ஏறுவதற்கு முன் தமிழ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இன்னாண்ணா பண்ணுவ. அன்னிக்கு அந்த செகப்பு லைட்டு எரியுதான்னு நான் எட்டி எட்டிப் பாத்துக்கினேதான் வந்தேன். எரியவே இல்ல. அதான் தைரியமா படுத்திருந்தேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கண்டக்டர் விசில் அடிக்க, அவள் ஏறிவிட்டாள்.

16 நவம்பர், ஞாயிறு

ரோட்டோரம் கிடந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டாச்சு. சுப்பராயலு அண்ணன் சாமான் பையோடு வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"ஷெட்டுக்கு இழுத்துக்கினு போயிடட்டா?" என்று தயங்கித் தயங்கி அம்மாவிடம்தான் கேட்டார்.

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இங்கியே பிரிங்க. வூட்டுல இப்ப யாரு இருக்கறா."