குடாவில் நட்ட கிளைகள்

என் பிடிவாதக்காரனுக்கு,

விமானியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் விலங்குப் பொறிகளைக் காட்டிலேயே போட்டுவிட்டு அதே விமானத்தில் ஏறி வா. பனிவண்டியைத் தொடாதே.

ஏரி உறைந்ததும் நீ ஊசியிலைக் கிளைகளை நட்டு அடையாளம் வைத்த பாதை, குடாவின் நடுவே போகிறது. கோடை முழுக்க மீன் குடலை அங்கேதான் கொட்டினாய். "ஏரியோடத ஏரிக்கே குடுக்கணும்" என்பாய். சரிதான். சேற்று நுண்ணுயிர்கள் அதைத் தின்று உரமாக்குகின்றன. அந்த உரத்தில் பாசி வளர்ந்து, கடைசியில் உன் வலைக்கு மீனாக வருகிறது. ஆனால் அவை தின்னத் தின்ன எரியும் வாயுவும் கிளம்புகிறது; அது மேலேறும் இடத்தில் பனிக்கட்டி கெட்டிப்படுவதில்லை.

நேற்று பனியை விலக்கிப் பார்த்தேன். உறைந்த நீருக்குள் தட்டுகளை அடுக்கியதுபோல் வெள்ளைக் குமிழ்கள். ஒன்றைக் குத்தித் தீக்குச்சி காட்டினேன். நெருப்பு என் முகம்வரை எழுந்தது. அந்த இடத்தில் பனிக்கட்டி உள்ளங்கைத் தடிமன்கூட இல்லை. ஊர்ந்தே கரை சேர்ந்தேன்.

பாதையை மாற்ற உன் தம்பி இசிடோரைக் கூப்பிட்டேன்.

"அண்ணன் போட்ட வழி அண்ணி, கண்ண மூடிக்கிட்டே போவேன். நீங்க உங்க சேத்துப் பூச்சிங்களோட பேசிக்கிட்டிருங்க" என்று சிரித்துவிட்டு, இன்று காலை அதே பாதையில் விறகுக்குக் கிளம்பினான்.

அவன் திரும்பியதும் குடிக்க வைத்த தேநீரை அடுப்பிலிருந்து நான் இன்னும் இறக்கவில்லை. ஊரார் கயிறுகளோடு குடாவின் கரைக்குப் போயிருக்கிறார்கள்.

அவனைத் தேடுகிறேன் என்று ஏரிமேல் வந்துவிடாதே. உன் கிளைகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. போய்ப் பிடுங்க யாருக்கும் துணிவில்லை.

கரையிலேயே நிற்கும்,
உன்னவள்