லாரியில் போன லிங்கம்

வைகாசி, வெள்ளி இரவு. காட்டுப்பாக்கம்.

காலையில் கண்மூடிப் பதிகம் ஓதிக்கொண்டிருந்தபோது, வீடு மாறுவதற்காகச் சாமான் கட்ட வந்தவர், "பெரியவரே, இந்தப் பூஜைப் பெட்டியையும் லாரில ஏத்திடட்டா?" என்றார். ஓதும்போது பேசுவதில்லையாதலால், பொறுக்கும்படி கையசைத்தேன். அவர் அதைச் சம்மதமெனக் கொண்டுவிட்டார். பதிகம் முடித்துக் கண் திறந்தபோது பூசைமாடம் வெறுமையாக இருந்தது. லாரி நாக்பூருக்குப் புறப்பட்டுவிட்டது.

நாற்பதாண்டுகளில் அந்தப் பெட்டியிலிருக்கும் லிங்கத்தைப் பூசிக்காமல் நான் ஒருநாளும் உண்டதில்லை. நாளை காரில் கிளம்பும் நாங்கள் அதைக் காண மூன்று நாளாகும்.

தொலைபேசியில் ஓட்டுநர் சிரித்தார். "உன் சாமி அடியில கீது நைனா. மேல பீரோ, கட்டிலு. இன்னா பண்ணச் சொல்ற?"

இரவு மருமகள், "சர்க்கரை மாத்திரை போடணும் மாமா, ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க" என்று கெஞ்சினாள்.

உண்டேன். நான்கு இட்லி உண்டேன். ஈசனே, ருசியாகவும் இருந்தது.