பதினெட்டு எங்கே போச்சு?

ஜூன் 3, செவ்வாய்

பெரிய பேத்தி மின்னியல் மூன்றாம் வருடம், வகுப்பில் இரண்டாவது. முதலாவதாக வந்தவன் வாத்தியார் மகன், அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அவள் தம்பிக்கு நீச்சலில் வெள்ளி. சின்ன மகள் வீட்டுக் குட்டி பதினோராவது மாதத்திலேயே எதையும் பிடிக்காமல் நடக்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்தில் என்னை மட்டும் 'உட்காரு, உட்காரு' என்கிறார்கள்.

முழங்கால் போனதால் தையல் மிஷின் மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். தைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். விடுமுறைக்கு வந்த பெரிய பேத்தி ஒரு பழைய மோட்டாரை மிஷினில் மாட்டிக் கொடுத்தாள். மோட்டாருக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும், பேட்டரியோ பன்னிரண்டு. தெருமுனையில் நான் தைக்கிற இடத்துக்குக் கரண்ட் கிடையாது, இரண்டு பேட்டரியை இழுத்துப் போக எனக்குத் தெம்பு கிடையாது. அதனால் பன்னிரண்டை இருபத்துநாலாக ஏற்றிக் கொடுக்க ஒரு டப்பா செய்தாள். வெளியே பிஸ்கட் டப்பா, உள்ளே அவள் மூளை.

ஒரே குறை. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் இரண்டரைக்குப் பேட்டரி படுத்துவிடுகிறது. டப்பாவும் கொதிக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மகன் வந்தான்.

"அம்மா, அறுபத்தெட்டு வயசாச்சு. போதும்மா."

"எனக்குப் போதுமா, உனக்குப் போதுமா?"

"போன் கவர் விக்கிறவர் உன் இடத்தைக் கேக்குறார். மத்தியானத்துக்கு மேல சும்மாதானே கிடக்குதுன்னு."

அதுகூடப் பரவாயில்லை. அடுத்தது சொன்னான் பாருங்கள்: "அவ செஞ்ச டப்பா காலேஜ் பொண்ணோட விளையாட்டு. ஒரு நாள் புகையத்தான் போகுது."

பெற்ற மகளைப் பற்றி! எனக்கு வந்ததே கோபம். "இந்த மாசம் முடியறதுக்குள்ள சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஓட்டிக் காட்டுறேன். ஓடலைன்னா இடத்தை விட்டுட்டு உன் வீட்டு சோபாவுல வந்து உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வாயை விட்டாச்சு. சோபாவை நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

பேட்டரிக் கடைக்காரரைப் போய்ப் பிடித்தேன். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "பேட்டரி மேல ஒரு தப்பும் இல்லைங்கம்மா. நீங்கதான் அதைப் போட்டுப் பிழியுறீங்க."

ஜூன் 9, திங்கள்

இன்று இரண்டு இருபதுக்கே போய்விட்டது. ஒரு பேண்ட்டில் ஒரு கால் மடித்தேன், ஒரு கால் பாக்கி.

ஜூன் 11, புதன்

பக்கத்துக் கடை ரேடியோ மெக்கானிக் மீட்டர் கொடுத்தார். பேத்தி போனில் வழி சொன்னாள்.

"உள்ள போறதைப் பெருக்குங்க பாட்டி, வெளிய வர்றதையும் பெருக்குங்க. வித்தியாசம்தான் வீணாப் போறது."

அஞ்சாவதோடு நிறுத்தினாலும் என் பெருக்கல் வாய்ப்பாடு துருப்பிடிக்கவில்லை. உள்ளே பன்னிரண்டு வோல்ட், நாலு ஆம்ப், நாற்பத்தெட்டு. வெளியே இருபத்துநாலு, ஒன்றேகால், முப்பது.

"அப்போ பதினெட்டு எங்கடி போச்சு?"

"சூடாப் போச்சு பாட்டி. எது ரொம்பச் சுடுதுன்னு தொட்டுப் பாருங்க. பேட்டரியைக் கழட்டிட்டு!"

ஜூன் 12, வியாழன்

தொட்டேன். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கம்பிச் சுருள்.

அந்தச் சுருள் — எழுதவே கை வரவில்லை — அவள் சுற்றியது இல்லை. நான் சுற்றியது.

ஒரு சாம்பல் நிற வளையத்தில் அவள் கோணல்மாணலாகச் சுற்றி வைத்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. அவள் ஊருக்குப் போனதும் அதைப் பிரித்து, மிஷின் பாபினிலேயே கம்பியை நூல் மாதிரி சுற்றினேன். நாற்பது சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். இரண்டு முனைதானே, நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். நாற்பது வருடக் கை. மற்றவர்களிடம் காட்டவும் செய்தேன்.

ரேடியோ மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "இரும்பு பாபின்லயா? இதுல கரண்ட்டு ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்குதுங்க. இரும்பு சும்மா இருக்குமா, அடுப்பு மாதிரி காயும். அந்த வளையம் எங்க?"

வெட்டிய துணி பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சத்தம் போடாமல் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? ரேடியோக்காரர் வாயை ஒரு டீயில் அடைத்துவிடலாம்.

ஆனால் மகன் சொன்னானே, அவள் விளையாட்டு என்று. பத்து நாளாக அவளுக்காக எல்லாரிடமும் சண்டை போட்டேனே. கெடுத்தது யாரு? நான்தானே. ச்சே.

ஜூன் 14, சனி

பேத்தியிடம் சொன்னேன்.

"பாட்டி! அழகா இல்லைன்னா மாத்துனீங்க?" அவள் சிரித்த சிரிப்பில் விடுதியில் பக்கத்து அறைப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். பிறகு சொன்னாள்: "மறுபடி வளையத்துலயே சுத்துங்க. ஒரே தடிக் கம்பி வேணாம், அஞ்சு ஒல்லிக் கம்பியை முறுக்கி ஒண்ணாச் சுத்துங்க. அழகு கிழகு பாக்காதீங்க."

அடுத்து மகனைக் கூப்பிட்டேன். "தப்பு உன் மக மேல இல்லை, உங்கம்மா மேல. பந்தயம் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பதிலுக்கு நிற்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வளையத்தின் துளைக்குள் கம்பியை ஒவ்வொரு சுற்றாக நுழைத்து இழுக்க வேண்டும். பித்தான் துளை தைக்கிற மாதிரிதான், ஆனால் கம்பி வளைந்து கொடுப்பதில்லை. இரண்டு நாள், கட்டை விரலில் கொப்புளம். பார்க்க அவள் சுற்றியதைவிட அசிங்கம்.

மீட்டர்: பன்னிரண்டு, மூன்று, முப்பத்தாறு. வீணாவது ஆறுதான்! நாலேகால் வரை ஓடியது.

நாலேகால். ஐந்து இல்லை.

ஜூன் 20, வெள்ளி

அடுத்து அதிகம் சுடுவது டையோடு, கரண்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற கதவு. "அது மூடறதுக்குள்ள கொஞ்சம் திரும்பி ஓடிடுது பாட்டி, சட்டுனு மூடுறதா வேணும்" என்றாள். ரேடியோக்காரர் ஒரு செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றைக் கழற்றினார். "நான் வச்சுத் தரேங்க" என்றார். கொடுக்கவில்லை. நானே வைத்தேன்.

பன்னிரண்டு, இரண்டே முக்கால், முப்பத்து மூன்று. வீணாவது மூன்று. தொட்டால் தூங்கி எழுந்த குழந்தை நெற்றிச் சூடு.

ஜூன் 23, திங்கள்

ஐந்து பத்து வரை ஓடியது.

ஜூன் 30, திங்கள்

நாலரைக்கு மகன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. நான் பாட்டுக்கு ஆஸ்பத்திரிச் சீருடைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தானது. மிஷின் ஓடியது. ஐந்து ஐந்தும் ஆனது.

எழுந்தான். பையிலிருந்து அவன் பேண்ட்டை எடுத்தான்.

"இடுப்பு கொஞ்சம் பிடிக்குதும்மா."

"உனக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க. வியாழக்கிழமை வா."

"பெத்த பிள்ளைக்குமா?"

"வரிசைன்னா வரிசைதான்."

பேட்டரியை அவனே வண்டியில் ஏற்றினான். போகும் முன் போனில் ஒரு படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டான். பார்த்தேன். என் மூஞ்சி மட்டும் பெரிதாக இருக்கிறது, டப்பா பாதிதான் தெரிகிறது. என் மூஞ்சியை அவர்கள் பார்த்ததில்லையா?

இதை எழுதி முடித்ததும் அவனுக்குப் போன் போட வேண்டும். நாளைக்கு வந்து மூடியைத் திறந்து வைத்து, அந்த அசிங்கமான சுருள் நன்றாகத் தெரிகிற மாதிரி வேறு படம் எடுத்துப் போடச் சொல்ல வேண்டும். யார் செய்தது, யார் சுற்றியது, இரண்டையும் கீழே எழுதச் சொல்ல வேண்டும்.