டிவியில் படம் வராததற்குக் காரணம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் சத்தியம் பண்ணு. இதை யாருக்கும் காட்டக் கூடாது, உன்னோடு அறையில் இருக்கும் அந்தத் தாடிக்காரருக்குக்கூட. படித்து முடித்ததும் அழித்துவிடு. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. பொய் சொன்னவன் நீ, அதைக் காப்பாற்றப் போர்வைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முழித்திருப்பவள் நான், இது என்ன நியாயம் என்று நீயே சொல். அம்மா சொல்லச் சொல்ல நான் அடிக்கும் வழக்கமான கடிதம் இல்லை இது. அதைச் சாயங்காலமே அனுப்பிவிட்டேன், படித்திருப்பாய். மேடை ஏறும்போது கூன் போடாதே, சட்டைப் பையில் பேனா வைக்காதே மை ஒழுகும், பட்டம் கொடுப்பவர் கை கொடுக்கும்போது உன் கை ஈரமாக இருக்கக் கூடாது, முன்னாடியே துடைத்துக்கொள். இதையெல்லாம் அடிக்கும்போது என் கைதான் ஈரமாக இருந்தது.

நீ போன வருஷமே படிப்பை விட்டுவிட்டு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறாய் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சரி, அதைச் சொல்லாமல் இருந்தாய், போகட்டும். பட்டமளிப்பு விழாவை நேரலையில் காட்டுவார்கள் என்று அதன் இணைப்பை எதற்கு அப்பாவுக்கு அனுப்பினாய்? அப்பாவுக்கு அதைத் திறக்கத் தெரியாது என்று நினைத்தாயாம். உன் அறிவைத் தராசில் வைத்தால் தட்டு அசையாது. அப்பா அதைத் திறந்துவிட்டார், லேப்டாப்பில் பார்த்தால் போதாது டிவியில் பெரிதாகப் பார்க்கணும் என்றும் முடிவு பண்ணிவிட்டார். மேல்மாடி டாக்ஸி மாமா குடும்பம், எதிர்வீட்டு மைக்செட் மாமா, அப்பாவோடு லிப்ட் பழுது பார்க்கும் ஆட்கள் எல்லோரையும் நாளை காலை வீட்டுக்கு வரச் சொல்லியாயிற்று. நாற்காலி பத்தாது என்று அம்மா மாடியில் இரண்டு கேட்டிருக்கிறாள். எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவதைக் கேட்டு, கடைசிப் பெயர் வரைக்கும் உன் பெயர் வராமல் போனால் அப்பா முகம் எப்படி இருக்கும்? நான் அதை நினைத்துத்தான் ஒரு காரியம் பண்ணினேன். டிவியின் அமைப்புக்குள் போனால், வயர் இல்லாமல் வெளியிலிருந்து வரும் படத்தை ஏற்கவா வேண்டாமா என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதில் வேண்டாம் என்று போட்டுவிட்டேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்று முழுக்க இந்த வீட்டில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்பாவின் முறை உனக்குத் தெரியுமே, லிப்ட் நின்றுவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார், சரியாகாவிட்டால் மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். டிவிக்கும் அதே வைத்தியம். அணைத்துப் போட்டார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். வைஃபை பெட்டியைப் பீரோ மேல் ஏற்றினார், இறக்கினார், அதன் கொம்பு இரண்டையும் டிவி பக்கம் திருப்பினார், திருப்பியதைத் திரும்பத் திருப்பினார். அம்மா மைக்ரோவேவில் பால் சூடு பண்ணப் போனால், அதைத் தொடாதே அலையெல்லாம் மோதுது என்று ஒரு சத்தம். அம்மா விடுவாளா, இருபத்தஞ்சு வருஷமா உங்க பேச்சும் என் பேச்சும் மோதுது அதனால வீடு நின்னா போச்சு என்று சொல்லிவிட்டுப் பாலைச் சூடு பண்ணினாள். அப்புறம் யாரும் டிவிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நடக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா குளியலறைக்குப் போக சுவரோரமாகப் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து போனாள்.

மதியத்துக்கு மேல்தான் பெரிய வேடிக்கை. லேப்டாப்பில் திடீரென்று ஒரு டிவி பெயர் வந்தது. அப்பா அதை அமுக்கினார், இணைந்துவிட்டது என்று எழுத்தும் வந்தது, ஆனால் நம் டிவி கறுப்பாகவே இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, அப்பாவோ திரையில்தான் கோளாறு என்று டிவியின் முதுகைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் டாக்ஸி மாமா படியிறங்கி வந்து, அண்ணே உங்க பையன் எங்க வீட்டு டிவில வந்திருக்கான், துணியில்லாம வாளிக்குள்ள உட்கார்ந்திருக்கான், மேட்ச் பார்க்க முடியல கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா என்றார். லேப்டாப் முகப்பில் அப்பா வைத்திருக்கிறாரே உன் சின்ன வயசுப் படம், அதேதான். அவர்கள் டிவியும் நம்முடையதும் ஒரே கம்பெனி, ஒரே பெயர். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தொழில் புத்தி போகுமா, மூணாவது மாடி பட்டனை அமுக்கிட்டீங்க என்றாள். அப்பாவும் சிரித்துவிட்டார். உனக்கு மானம் போனதில் எனக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

அப்பா அதோடு விட்டிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். டிவியைப் புதுசாக வாங்கியது போல முழுக்க அழித்து மறுபடி அமைத்தார். என் வேலை போச்சு. அவர் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் ஓடிப்போய் மறுபடி வேண்டாம் என்று போட்டேன், அவசரத்தில் ரிமோட் கீழே விழுந்தது. வந்து பார்த்தவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நீயும் காலையிலிருந்து கூடவே கஷ்டப்படுறே பாப்பா என்றார். அப்புறம், வேற எதுக்கும் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன், அவன் முகம் வர்ற நேரம் சின்ன ஸ்க்ரீன்ல எல்லாரும் குனிஞ்சு எட்டிப் பார்க்கறது நல்லா இருக்காது, நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கணும் என்றார். அண்ணா, அந்த இடத்தில் நான் சொல்லிவிட்டிருப்பேன். வாய்வரை வந்தது. ஆனால் அது நான் சொல்ல வேண்டியது இல்லை, நீ சொல்ல வேண்டியது.

அம்மா இன்னும் ஒரு படி மேலே. டிவியில் நாம் அவர்களைப் பார்த்தால் அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள். நாளைக்கு யாரும் நைட்டியோடு ஹாலுக்கு வரக் கூடாதாம். விழாவில் இருப்பவர்களுக்கு நம் வீடு தெரியாது அம்மா என்று எவ்வளவோ சொன்னேன், உனக்கு என்ன தெரியும் என்றாள். ஜன்னல் திரைகூட மாற்றியாயிற்று.

இப்போது ஏன் அவசரம் என்றால், ராத்திரி சாப்பிடும்போது அப்பா கம்பி இல்லாத வித்தையெல்லாம் வேண்டாம், ஒரு வயரைப் போட்டுச் சொருகிவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார். வயர் போட்டால் என் தந்திரம் எதுவும் நடக்காது, அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. மைக்செட் மாமா ஏதோ கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டப் போயிருக்கிறார், திரும்பியதும் வயர் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா ஹாலில் தூங்காமல் காத்திருக்கிறார். நானும் ஏதாவது பார்க்கிறேன் என்று சொல்லி லேப்டாப்பை வாங்கி வந்து உனக்கு எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆட்கள் வருவதற்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடு. எழுதாதே, கூப்பிடு, முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு. மாவு ஒட்டிய கையோடு, அந்த வெள்ளைத் தொப்பியோடு வா, அடுப்பு தெரியட்டும், நீ சுட்ட ரொட்டி தெரியட்டும். நானே உன்னை டிவியில் பெரிதாகப் போடுகிறேன், அதற்கு ஒரு பட்டனைத் தட்டினால் போதும். அப்பா கத்துவார். அம்மா அழுவாள், அப்புறம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்பாள். கத்துவதை நம் நாலு பேருக்குள் கத்தி முடித்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உன் பெயருக்காகக் காத்திருக்க மட்டும் அவரை விடாதே. நீ எதில் தேறினாலும் தேறாவிட்டாலும் நன்றாக இருக்க வேண்டும், உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். விஷயம் தெரிந்தால் அம்மா இதைத்தான் சொல்வாள், இந்தத் தடவை அவள் சார்பில் நானே சொல்லிவிட்டேன். அலாரத்தை நம்பாதே, அது அடித்து நீ எழுந்ததாகச் சரித்திரமே இல்லை, தூங்காமலே

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. வயர் வந்துவிட்டதாம், லேப்டாப்பைக் கொடு பாப்பா என்கிறார், குரலில் அவ்வளவு சந்தோஷம். அனுப்பிவிடுகிறேன். அண்ணா, காலை வரைக்கும் காத்திருக்காதே, இப்பவே கூப்