தூதர் பதவியை ராஜினாமா செய்கிறேன்

ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களைக் குடைந்து பார்க்கும் முனைவர் மருமகளுக்கு, கண்ணாடிக் கடைச் சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தை மிகவும் நலம். அதனால் நான் மிகவும் அடக்கம்.

பத்திரிகையில் வந்த உன் கட்டுரையைக் கடையிலேயே வைத்திருக்கிறேன். கண் சோதிக்க வருபவர்களுக்கு எழுத்துப் பலகைக்குப் பதிலாக அதைத்தான் நீட்டுகிறேன். ஒருவர் முதல் பக்கம் முடிந்ததும் கண்ணாடியே வேண்டாமென்று பெண்டாட்டியைப் பார்க்க ஓடிவிட்டார். நஷ்டமும் எனக்கு, பெருமையும் எனக்கு.

பக்கத்து வீட்டு விஷயம் ஒன்றைத் தெரிந்துகொள்ள நான் ஜன்னலோரம் நின்று கால் மரத்துப்போகிறவன். நீயோ வீடு வீடாகக் கணவன், மனைவி, பிள்ளை என்று தனித்தனியே உட்காரவைத்து, ஒரே கேள்வியைக் கேட்டு, அழவும் வைத்து, காபியும் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறாய்! ஒரே அறையில் இருந்துகொண்டு பிள்ளை வழியாகவே பேசிக்கொள்ளும் பெற்றோரைப் பற்றி எழுதியிருந்தாயே. சேதி கொண்டுபோகும் பிள்ளை சொற்களின் கூர்மையைச் சீவிவிடுகிறது, அதனால் சண்டை வருவதில்லை, பேச்சும் வருவதில்லை என்ற இடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். கடையில் யாருமில்லை, அது வேறு விஷயம்.

அக்கா கைதட்டவில்லை. பெயர் போடாவிட்டாலும் தன் வீடு அவளுக்குத் தெரியாதா? "என் வயித்துல பொறந்து என் வீட்டையே சந்தையில வெச்சுட்டா. இனிமே எனக்கு போன் பண்ண வேணாம்னு சொல்லிடு" என்றாள். நான் உனக்கு என்ன எழுதினேன்? அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை என்று. அம்மாவுக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதியதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன், ஆனால் அம்மா குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை என்று நீ பதில் போட்டாய். நான் அவளிடம், "ரொம்ப வருத்தப்படுறா, மன்னிப்பு கேக்கப் போறா" என்றேன்.

ஆக, நீ அங்கே தொண்டை சரியாகட்டும் என்று காத்திருக்கிறாய். அவள் இங்கே வராத மன்னிப்புக்காக போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் உலக மகா சமாதானத் தூதன் நான், சீவிச் சீவி இருவர் பேச்சையும் தூளாக்கிவிட்டேன். உன் கட்டுரையை அத்தனை முறை படித்தவனுக்கு இது உறைக்க இவ்வளவு நாளா? மூளைக்குப் போடும் கண்ணாடியை இன்னும் எந்த நிறுவனமும் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் எதிரில் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவ எழுதினதப் படிச்சாரான்னு கேளு" என்றாள் என்னிடம். நான் வாயைத் திறக்கவில்லை. என் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேராக அவரிடம், "நீங்க படிச்சீங்களா?" என்றாள். அத்தான் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, "படிச்சேன். நல்லா எழுதியிருக்கா" என்றார்.

அக்கா மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள். "சின்னப் பொண்ணா நம்ம நடுவுல நிக்கறப்போ, பயந்திருப்பாளோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை மட்டும் சீவாமல் அப்படியே அனுப்புகிறேன்.

இத்துடன் என் பதவியை ராஜினாமா செய்கிறேன். இனி அவள் சொல்வதை உனக்கும், நீ சொல்வதை அவளுக்கும் கொண்டுபோக மாட்டேன். நீயே போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அவள் எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பாள். வெகுநேரம் நிற்பாள். நீ வைத்துவிடாதே, கண்ணு.

நூறு வயது நல்லபடியாக இரு.

உன்னால் தலை நிமிர்ந்து நடக்கும்
மாமா