ஏழு நிமிட ஸ்கிரிப்ட்

ஏப்ரல் 12, சனி
மாத்திரை வேளைக்கு மணியடித்து நினைவூட்டும் எங்கள் செயலியில் இன்று பெருக்கித் துடைக்கிற வேலை. சம்பளம் இல்லாமல் பலர் கூடி எழுதுகிற செயலி. நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆறு வருடத்தில், நிரலில் தவறு இருக்கிறதா என்று தானே ஓட்டிப் பார்க்கும் சோதனை ஸ்கிரிப்டுகள் மட்டும் அறுபத்து மூன்று சேர்ந்துவிட்டன. ஓட்டி முடிக்க நாற்பது நிமிடம். வேண்டாதவை என்று பதினெட்டைத் தூக்கினேன். அதில் ‘மாதக்கடைசி’ என்று ஒன்று, ஏழு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ‘சரி’ என்கிறது. ஏன் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை, எழுதிய புண்ணியவான். நானும் யாரையும் கேட்கவில்லை. பொறுப்பாளரே நான், யாரைக் கேட்க?

ஏப்ரல் 13
சோதனை முழுவதும் ஓடி முடிய இப்போது பதினொரே நிமிடம்! ஆளாளுக்குப் பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே 20, செவ்வாய்
புதிதாக ஒரு பெண். ‘குருவி’ என்ற பெயரில் எழுதுகிறாள். வேலை தேடுகிறாள், இங்கே செய்ததைக் காட்டித்தான் கேட்க வேண்டுமாம். வார்த்தைக்கு வார்த்தை ‘அக்கா’. தேதிக் கணக்கைத் திருத்தி அனுப்பினாள். மிச்சமிருந்த நாற்பத்தைந்து சோதனையிலும் பச்சை, தவறு ஒன்றும் இல்லை. சேர்த்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்
மாதம் பிறந்ததும் ஒரே வேளைக்கு இரண்டு முறை மணி அடித்திருக்கிறது. ஒருவர் எழுதியிருக்கிறார்: “அப்பா சர்க்கரை மாத்திரைய ரெண்டு தடவ போட்டுக்கிட்டாரு. மயங்கி விழுந்துட்டாரு.” பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாராம்.
மாதக்கடைசி. ஐயோ, மாசம் மாறுற ராத்திரியைத் தாண்டிப் பார்க்கத்தானா அந்த ஏழு நிமிஷம்?

ஜூன் 4
காணொளிக் கூட்டம். எல்லோரும் குருவியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எல்லாம் பச்சையாதானே இருந்துச்சு அக்கா?”
மைக்கை அணைத்து வைத்திருந்தேன். அணைத்தே வைத்திருந்தேன். முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜூன் 5
குருவி விலகிவிட்டாள்.

ஜூன் 7, சனி
கணவரிடம் சொன்னேன். அழித்தது நான் என்று மாற்றப் பதிவில் தேதியோடு இருக்கிறது, இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்றேன்.
“அப்ப விடேன்” என்றார்.
ஒரு நொடி நிம்மதியா இருந்துச்சே — அதான் தாங்கல. என்ன ஜென்மம் நான்?

ஜூன் 8
எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதிவிட்டேன். ‘மாதக்கடைசி’யை எதற்கு என்று தெரியாமல் அழித்தது நான், அது இருந்திருந்தால் குருவியின் திருத்தம் அன்றே சிவப்பு காட்டியிருக்கும், கூட்டத்தில் தெரிந்தே வாய் திறக்கவில்லை. அந்தப் பெரியவரின் மகனுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. எப்படி வரும்?
குருவியிடமிருந்து வந்தது. “தெரியும். கூட்டத்துக்கு முன்னாடியே பதிவைப் பார்த்துட்டேன். நீங்களே சொல்வீங்கன்னு உங்க முகத்தையே பார்த்துட்டு இருந்தேன்.”

ஜூன் 10
‘மாதக்கடைசி’யைத் திரும்ப வைத்தேன். மேலே ஒரு வரி: இது எதற்கு என்று. இனி இரண்டாவது ஆள் பார்க்காமல் எந்தச் சோதனையையும் அழிக்கக் கூடாது என்று முடிவு. அந்த இரண்டாவது ஆளாக வரச் சொல்லி குருவியைக் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு
இரண்டு பழைய ஸ்கிரிப்டை அழிக்க அனுமதி கேட்டு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் திருப்பிவிட்டாள் குருவி.
“இது எதுக்கு இருந்துச்சுன்னு எழுதலையே. எழுதி அனுப்புங்க, பார்க்கலாம்.”
‘அக்கா’வைக் காணோம். எழுதிக்கொண்டிருக்கிறேன்.