தலைவாசலுக்கு நிலை வைத்த சேதி

மன்னார்குடி வழி
ஆவணிக் கடைசி வெள்ளி

அன்பு மகள் கமலவல்லிக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது. தில்லியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க ராஜகோபாலனை வேண்டிக்கொள்கிறேன். உன் தந்தி வந்தது. தந்தி என்றதும் தபால்காரர் முகத்தைப் பார்த்து எனக்குக் கை கால் ஓடவில்லை, பிரித்துப் பார்த்தால் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, வரமுடியாது என்று இருக்கிறது. இதற்கு ஒரு கார்டு போதாதா. எனக்குக் கோபமில்லை. கோபமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கோடை லீவுக்கு நீங்கள் எல்லாரும் வந்து, உன் அப்பாவின் தாத்தா கட்டின இந்த வீட்டை நாமே சேர்ந்து சரிபண்ணிவிடலாம் என்று கிளம்பினது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோமே, அப்போது இந்த வீட்டில் எத்தனை சத்தம். உன் அண்ணன் தியாகு பேண்ட்டோடு ஏணியில் ஏறிக் கிழித்துக்கொண்டதும், மாப்பிள்ளை ஓட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டு யாரும் பார்க்காததுபோல் காலால் ஓரமாகத் தள்ளியதும் நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். கூரையும் சுவரும் முடிந்தது. ஆனால் கறையான் அரித்த தலைவாசல் நிலையைக் கழற்றிச் சாய்த்துவைத்த கையோடு லீவு முடிந்து எல்லாரும் ரயில் ஏறிவிட்டீர்கள். துரைராசு ஆசாரி அரித்த காலை வெட்டிப் புதுக்கட்டை சேர்த்துக் கொடுத்து வெகுநாளாகிறது. பூவும் பொட்டுமாக இருக்கிற வீட்டுப்பெண்தான் மஞ்சள் குங்குமம் வைத்து நிலையை நிறுத்தவேண்டும் என்பதால் உனக்காகக் காத்துக்கிடந்தது. அதுவரைக்கும் தலைவாசலில் கீற்றுத் தட்டிதான்.

ஊர் நிலவரம் உனக்குப் பேப்பரில் தெரிந்திருக்கும். கூலி நெல் ஏற்றித் தந்தால்தான் குறுவை அறுப்புக்கு இறங்குவோம் என்று கூலியாட்கள் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆளைக் கொண்டுவருகிறார்கள், பாலத்தடியில் போலீஸ் வேன் நிற்கிறது. நம் துண்டு நிலத்திலும் கதிர் சாய்ந்து கிடக்கிறது. தியாகு பிலாயிலிருந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு வா என்று எழுதியிருந்தான். பூட்டுவதற்குக் கதவு எங்கே இருக்கிறது என்று பதில் போட்டேன். நம் வயலில் நடவு நடுகிற அம்சம் இருக்கிறாளே, அவளும் வேலைக்கு வருவதில்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும் சேரியிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் படுத்துக்கொள்கிறாள். இதென்னடி கூத்து என்று கேட்டேன். “வேலைக்குத்தான் போவக்கூடாதுன்னு சங்கத்துல சொல்லிருக்கு, தொணைக்குப் படுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலைம்மா” என்கிறாள். அவள் வராவிட்டால் நான் ஒருநாளும் கண்ணை மூடியிருக்கமாட்டேன், அது உண்மை.

நீ வரவில்லை என்றானதும் உன் அத்தை தனபாக்கியத்தைப் போய்க் கூப்பிட்டேன். நேற்று முகூர்த்தம், அதை விட்டால் புரட்டாசி பிறந்துவிடும், ஐப்பசி மழை திறந்த வாசலில் அடித்தால் பூசின சுவரெல்லாம் கரைந்துபோகும். உன் அத்தை பட்டுப்புடவையோடு வந்தாள், கூடத்தில் அம்சத்தின் பாயைப் பார்த்தாள், “தை மாசம் வச்சுக்கலாமே அண்ணி, ஊரு அடங்கட்டும்” என்று வந்த வழியே போய்விட்டாள். ஆசாரி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவர் ஆட்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்சத்தைப் பார்த்து, நீயும் சுமங்கலிதானே, வந்து வைத்துவிடு என்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நான் வச்சா, நாளைக்கு ஒங்க மக்க வந்து திரும்பக் கழட்டுவாங்கம்மா. நீங்களே வையிங்க. ஐயா இருந்தா வேணாம்னா சொல்லப்போறாரு” என்றாள்.

உன் அப்பா இருந்தால் நான் வைக்கிறதில் பேச்சே இல்லையே, அசடு. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். ஐயர் வேண்டாம், மாலை போதும் என்று என்னைக் கட்டிக்கொண்டு வந்த மனுஷன். தான் போனபிறகு நான் பொட்டை அழிக்கக்கூடாது என்று சொல்லியும் இருந்தார், ஊர்ப்பேச்சுக்குப் பயந்து நான்தான் கேட்கவில்லை. சட்டென்று மஞ்சளைக் குழைத்து நிலையின் இரண்டு காலிலும் பூசினேன், குங்குமமும் வைத்தேன். ஆசாரி நிலையை நிறுத்திவிட்டார்.

நிலை நின்றதும் வீட்டு மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து உள்ளே வரவேண்டும் அல்லவா. நான் வெளியே போய், நிறைகுடத்தோடு வலதுகாலை வைத்து உள்ளே வந்தேன். வந்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். கொஞ்சநேரம் நின்றபிறகுதான் யாருமில்லை என்பது உறைத்தது. அம்சத்தை வா என்று கூப்பிட்டேன், “மொதல்ல ஒங்க மக்க வரட்டும்மா” என்று கொல்லைப்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தாள். இத்தனைநாள் கீற்றுத் தட்டியை விலக்கிக்கொண்டு முன்பக்கமாக வந்தவள்தான். கதவு போட்டபிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்குக் குளிருக்கு முன்பே கம்பளிச்சட்டை எடுத்துவிடு. மாப்பிள்ளையிடம் லீவுக்காகச் சண்டை போடாதே, அவர் என்ன செய்வார். நீங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல் பல்லாண்டு இருக்கவேண்டும். ஒன்று மறந்துவிடாதே, தியாகுவுக்கு எழுதும்போது நிலைக்கு யார் மஞ்சள் வைத்தது என்று எழுதவேண்டாம், உன் அண்ணி ஏதாவது சொல்லுவாள்.

இல்லை, எழுது. அம்மாதான் வைத்தாள் என்றே எழுது. கழற்றுவதாக இருந்தால் எல்லாரும் சேர்ந்து வந்து கழற்றட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
கா. எல்லையம்மாள்